கொடி சுற்றிப் பிறந்தவன்

பைய உக்காருங்க தம்பி. அந்தக் கூடைப் பக்கம் மட்டும் காலை நீட்டிராதீங்க, உள்ள எண்ணெய் இருக்கு. நல்லெண்ணெய். செக்குல ஆட்டுனது. பாட்டிலுக்கு மேல ரெண்டு கவர் சுத்தி ரப்பர் பேண்டும் போட்டிருக்கேன். இருந்தாலும் இந்த ரூட்டு பஸ்ஸ நம்ப முடியாது. வத்தலக்குண்டு போறதுக்குள்ள நம்மளையே ஒரு ஆட்டு ஆட்டிருவான்.

தேனிக்கா? சரி சரி. நான் தேவதானப்பட்டில இறங்கிருவேன். தங்கச்சி மகனுக்குக் காதுகுத்து. அவங்க குலசாமி கோயில் அங்கதான். நான் தாய்மாமன். என்ன தம்பி அப்படிப் பாக்குறீங்க? தாய்மாமன்னா வேன் புடிச்சு, மேளம் வச்சு, சொந்தபந்தத்த ஏத்திக்கிட்டு மொத ஆளாப் போய் நிக்கணும், இவன் என்ன ஒத்தையில, கூடையக் கால்ல இடுக்கிக்கிட்டு, முகூர்த்த நேரத்துல இன்னும் செம்பட்டியில கெடக்குறான்னுதான? கேளுங்க, தப்பில்ல. நான் திண்டுக்கல்ல இன்சூரன்ஸ் ஏஜெண்டு. தட்சிணாமூர்த்தின்னா பஸ் ஸ்டாண்டுல யாரக் கேட்டாலும் சொல்வான். ஊர்ல பாதிப்பேரு குடும்பக் கதை எனக்குத் தெரியும். ஆனா எங்க குடும்பக் கதை மாதிரி ஒண்ண நான் எங்கயும் பாத்ததில்ல.

மொதல்ல ஒண்ணு சொல்லிர்றேன். எனக்கு இந்த மூடநம்பிக்கையெல்லாம் கெடையாது. பி.எஸ்சி. பிசிக்ஸ் படிச்சவன். பூனை குறுக்க போனா நிக்க மாட்டேன். இன்னைக்கு ராகுகாலம் முடியுற வரைக்கும் வீட்டுலயே உக்காந்திருந்தேன்னா அது என் வீட்டுக்காரிக்காக. அவ மனசு கஷ்டப்படக்கூடாதுல்ல. அதான் லேட்டு.

எனக்கு ஒரே தங்கச்சி. பூங்கோதை. எங்க அம்மா அஞ்சு பெத்துச்சு. வயக்காட்டுல களையெடுக்கப் போன எடத்துல வலி வந்து, வீட்டுக்கு நடந்து வந்து பெத்துச்சு. ஸ்கேனாவது, மாத்திரையாவது, பெட் ரெஸ்டாவது. அந்தக் காலத்துல பொம்பளைங்க அப்படி இருந்தாங்க. அஞ்சுல தங்குனது நானும் கோதையும்தான். அது வேற விசயம்.

கோதையோட மொதப் பிரசவத்தப் பாத்தது எங்க வீடுதான். அம்மா அப்பா இல்ல, அப்ப அண்ணன் வீடுதான தாய்வீடு? வளைகாப்பு போட்டுக் கூட்டியாந்தோம். என் வீட்டுக்காரி வேளாவேளைக்கு ஆக்கிப் போட்டா. காலைல ஆஸ்பத்திரிக்குப் போனவ மத்தியானம் பொட்டப் புள்ளையப் பக்கத்துல போட்டுக்கிட்டுப் படுத்திருக்கா. ஒரு சத்தம் இல்ல, ஒரு சலம்பல் இல்ல. மீனலோசனின்னு பேரு வச்சதே நான்தான். மீனு, மீனுன்னு என் தோள்லதான் கெடக்கும்.

ஆறு வருசம் கழிச்சு ரெண்டாவது. இதுக்குத்தான் ஊரையே கூட்டிட்டாங்க. மூணாம் மாசமே ரத்தம் பட்டுருச்சாம். ஸ்கேன் எடுத்தா, நஞ்சுக்கொடி மேல இருக்க வேண்டியது கீழ வந்து, கர்ப்பப்பை வாய மூடிக்கிட்டு இருக்காம். டாக்டரம்மா சொல்லிட்டாங்க, எந்திரிக்கக் கூடாது, குனியக் கூடாது, இருமக்கூடப் பாத்து இருமணும்னு. அவங்களுக்கென்ன, சொல்லிட்டுப் போயிருவாங்க. இவ கட்டில்ல படுத்தவதான். ஆறு மாசம் தம்பி! ஆறு மாசம் மகாராணி மாதிரி படுத்தே கெடந்தா. நான் பாக்கப் போனப்ப மூஞ்சி வெளுத்து, கண்ணு உள்ள போயி, என்னமோ மாதிரி இருந்துச்சு. வெயில் படாம கெடந்தா யாரும் அப்படித்தான ஆவாங்க?

அவ புருசன் ஒருத்தன் இருக்கான், குணசீலன். என் மாப்பிள்ளை. பெரியகுளத்துல பால் சொசைட்டியில வேலை. அவனப் பத்திச் சொல்லணும். ஆம்பளைன்னு ஒரு வார்த்தை இருக்குல்ல, அதுக்கு அவன்கிட்ட எந்தச் சம்பந்தமும் கெடையாது. பாதி லீவு, பாதி சம்பளம் இல்லாத லீவுன்னு போட்டுட்டு வீட்டுலயே உக்காந்துட்டான். சோறாக்குறான். துணி தொவைக்கிறான். மீனுவுக்கு ரெட்டை ஜடை பின்னி ரிப்பன் கட்டி ஸ்கூலுக்கு அனுப்புறான். இதெல்லாம் போகட்டும். ஒருநாள் நான் ஆப்பிளும் ஆர்லிக்ஸும் வாங்கிட்டுப் போயி நடையில உக்காந்திருக்கேன், என் கண்ணு முன்னாலயே பெட்பேன எடுத்துட்டுப் போயி பாத்ரூம்ல ஊத்திக் கழுவுறான்! எனக்கு நறுக்கிக் குடுத்த ஆப்பிள அப்படியே தட்டுல வச்சுட்டேன்.

"ஏன் மாப்பிள்ளை, ஒரு ஆளு வச்சுக்கலாமே"ன்னேன்.

"வேணாம் மச்சான், கோதை கூச்சப்படும்"னான்.

கேட்டீங்களா? அவளுக்குக் கூச்சமாம். அத ஒரு ஆம்பள ஊர் பாக்கக் கழுவுறதுக்கு இவனுக்குக் கூச்சமில்ல. நானும் பதினெட்டு வருசமாக் குடும்பம் நடத்துறேன். என் வீட்டுல டீ டம்ளர் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாது. அதுக்காக என் பொண்டாட்டி என்ன, என்மேல பாசம் இல்லாமயா இருக்கா?

நடுவுல கோதை என் வீட்டுக்காரிக்குப் போன் போட்டு, "மதினி, மீனுவ ஒரு ரெண்டு மாசம் வச்சுக்கிறீங்களா, அவருக்குச் சிரமமா இருக்கு"ன்னு கேட்டிருக்கா. வச்சுக்க மாட்டோமா? தூக்கி வளத்த புள்ள. ஆனா என் வீட்டுக்காரிக்கு முழங்கால் வலி. அதுவுமில்லாம புள்ளையோட படிப்பு என்ன ஆகுறது? ஒண்ணாங்கிளாஸ். அடித்தளம்ல அது. புள்ளையோட எதிர்காலத்த நெனச்சுத்தான் வேணாம்னு சொன்னோம். அதுக்கப்புறம் கோதை அதப்பத்திப் பேசவே இல்ல. புரிஞ்சுக்கிட்டா.

என்ன, டிக்கெட்டா? எடுத்தாச்சு. கண்டக்டர் சும்மா சும்மா வந்து கேப்பான், ஞாபகமே இருக்காது. எங்க விட்டேன்? ஆங். ரத்தம்.

எட்டாம் மாசம் டாக்டரம்மா கூப்பிட்டுச் சொல்லியிருக்காங்க. ஆபரேசன்தான் பண்ணணும், ரத்தம் நெறையப் போகும், இந்தம்மாவுக்கு ஓ நெகட்டிவ், லேசுல கெடைக்காது, இப்பவே ஆள் பாத்து வைங்கன்னு. எனக்கும் ஓ நெகட்டிவ்தான் தம்பி. எங்க குடும்பத்துல எனக்கும் அவளுக்கும் மட்டும்தான். மாப்பிள்ளைக்கு வேற. நான் போயிருந்தப்ப கோதை என் கையப் புடிச்சுக்கிட்டு, "அண்ணே, நீ இருக்கேல்ல?"ன்னு கேட்டா. அப்ப நான் சொன்னேன், "இதெல்லாம் ஒரு கேள்வியாம்மா? இந்த உடம்புல ஓடுறது பூராவும் உனக்குத்தான்"னு. அதச் சொல்றப்ப எனக்கே கண்ணு கலங்கிருச்சு. மாப்பிள்ளைகூட அழுதான். அவன் எதுக்கும் அழுவான்.

ஆபரேசனுக்கு முந்தின நாளே வந்து குடுத்துட்டா எடுத்து வச்சுக்கலாம் மச்சான்னு மாப்பிள்ளை சொன்னாப்ல. அன்னைக்குப் பாத்து எனக்கு நிலக்கோட்டையில ஒரு பார்ட்டி பாலிசியில கையெழுத்துப் போடுறேன்னு ஒத்துக்கிட்டான். ஒரு வருசமா அலைய விட்டவன். மனுசனுக்கு நாளைக்கு என்ன நடக்கும்னு யாருக்குங்க தெரியும், இன்னைக்கே போட்டுருங்கன்னு நான் மணிக்கணக்காப் பேசித்தான் அவன வழிக்குக் கொண்டாந்தேன். அத விட்டுட்டு வர முடியுமா? நாளைக்குக் காலைல நேரா வந்து சூடாக் குடுத்துர்றேன்னேன்.

சொன்ன மாதிரி போனேன் தம்பி. அத யாரும் இல்லைன்னு சொல்ல முடியாது. தேனியில பெரிய ஆஸ்பத்திரி. காலைலயே போயிட்டேன். ரத்தம் குடுக்கத் தெம்பு வேணும்னு கீழ கேண்டீன்ல இட்லி, வடை, ஆம்லேட்டு, மாதுளம்பழ ஜூஸ் எல்லாம் சாப்பிட்டுட்டு, மேல வந்து தியேட்டர் வாசல்ல சட்டைக் கைய மடிச்சு விட்டுட்டு உக்காந்திருந்தேன். மாப்பிள்ளை நிக்கிறான், உக்கார்றான், செவுத்துல சாய்றான். மொத தடவையா என்ன? ஏற்கெனவே ஒண்ணு பெத்தவதான உள்ள போயிருக்கா?

கொஞ்ச நேரத்துல நர்ஸ் கதவைத் தொறந்துச்சு. சின்னப்புள்ள, வெளையாட்டுத்தனம் போகல. சிரிச்சுக்கிட்டே சொல்லுது, "ஆம்பளப் புள்ள! கழுத்துல ரெண்டு சுத்துக் கொடி சுத்தியிருந்தான். இப்ப நல்லா இருக்கான், அழுதுட்டான்."

நல்ல சேதியா அது? நீங்களே சொல்லுங்க. ஓ, உங்களுக்குத் தெரியாதா? இந்தக் காலத்துப் பசங்க. கொடி சுத்திப் பொறந்தா தாய்மாமனுக்கு ஆகாது தம்பி. மாலை போட்டுப் பொறந்திருக்கான்னு சொல்லுவாங்க. மாமன் மொதல்ல அவன் மூஞ்சிய நேராப் பாக்கக்கூடாது. நாள் பாத்து, தட்டுல நல்லெண்ணெய் ஊத்தி, அதுல புள்ள மூஞ்சி தெரியுற மாதிரி புடிப்பாங்க. மாமன் குனிஞ்சு எண்ணெயில பாக்கணும். அதுக்கப்புறம் நேராப் பாக்கலாம், தோசம் கழிஞ்சிரும். நான் நம்புறேன்னு சொல்லல. உங்களுக்குத் தெரியலையேன்னு சொல்றேன். எங்க ஒண்ணுவிட்ட மாமா ஒருத்தர் இதெல்லாம் சும்மான்னுட்டு நேராப் போயிப் பாத்தாரு. அடுத்த மாசமே போய்ச் சேந்துட்டாரு. சர்க்கரை இருந்துச்சு, குடிப்பாரு, லாரியும் மோதுச்சு, அதெல்லாம் உண்மைதான். இருந்தாலும்.

பக்கத்து பெஞ்சுல ஒரு பொம்பள, மருமகள சேத்திருக்காங்களாம், அது வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்காம, "யாருப்பா இங்க தாய்மாமன்? எந்திரிச்சு வெளிய போப்பா"ன்னுச்சு. அத்தன பேரும் என்னயப் பாக்குறாங்க. நான் எந்திரிச்சேன். மாடிப்படிக்கிட்டப் போயி நின்னேன். பெரியவங்க சொன்னா மரியாதை குடுக்கணும்ல, அதுக்காக.

அப்பதான் தியேட்டர்லருந்து இன்னொரு நர்ஸ் ஓடி வருது. ரத்தம் நிக்கல, வாங்கி வச்சது பத்தல, ஓ நெகட்டிவ் ஆளு யாரு, சீக்கிரம் வாங்கன்னு. மாப்பிள்ளை என்கிட்ட ஓடியாந்தான். "மச்சான், வாங்க மச்சான்."

வர மாட்டேன்னா சொன்னேன்? ரத்தம் எடுக்குற ரூம் எங்க இருக்குன்னு கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன். அந்த ஆஸ்பத்திரியக் கட்டுன எஞ்சினியர நிக்க வச்சுச் சுடணும் தம்பி. ரத்தம் எடுக்குற ரூமுக்கு நேர் எதுத்தாப்புல பொறந்த புள்ளைங்கள வைக்கிற ரூம்! முழுக்கக் கண்ணாடி! ஒரு மனுசன் ரத்தம் குடுக்கப் போனா அந்தக் கண்ணாடிய ஒட்டித்தான் போகணும். உள்ள ஒரே ஒரு புள்ளதான் கெடக்குதாம். நான் நம்ம சனத்துக்கிட்ட இருக்குற ஒரு நம்பிக்கைக்கு ஏத்த மாதிரி கட்டடம் கட்டத் தெரியாதான்னு கேக்குறேன்.

"மாப்பிள்ளை, எடுக்குறவங்கள இங்க வரச்சொல்லுங்க, படியிலயே உக்காந்து குடுத்துர்றேன்"னேன். முடியாதாம். அப்ப அவன் என்ன செஞ்சான் தெரியுமா? தோள்ல கெடந்த துண்ட எடுத்தான். "மச்சான், கண்ணக் கட்டிக்கங்க. நான் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறேன். ரெண்டு நிமிசம் மச்சான். நீங்க யாரையும் பாக்க வேணாம்"னு சொல்லிக்கிட்டே என் மூஞ்சிக்கு நேரா துண்டக் கொண்டு வர்றான்.

நான் கேக்குறேன், ஒரு கௌரவமான ஆளு, நாலு பேரு பாக்க, குருடன் மாதிரி கண்ணக் கட்டிக்கிட்டு ஆஸ்பத்திரியில நடக்க முடியுமா? தேனியில எனக்கு எத்தன கஸ்டமர் இருக்காங்க தெரியுமா? அதோட, நடுவுல துண்டு அவுந்துருச்சுன்னா? அவன் கட்டுற கட்டு எனக்குத் தெரியாதா? புள்ளைக்கு ரிப்பன் கட்டுற ஆளு.

"மாப்பிள்ளை, எனக்கு லேசா தலை சுத்துது, ஒரு டீ குடிச்சுட்டு வந்துர்றேன்"னு எறங்கிட்டேன். உண்மையிலேயே சுத்துச்சு. சும்மா சொல்லல.

ரோட்டுக்கு எதுத்தாப்புல டீக்கடை. போன சைலண்ட்ல போட்டிருந்தேன். ஆஸ்பத்திரியில சத்தம் வரக்கூடாதுன்னு போர்டு போட்டிருக்கான்ல? நாம படிச்சவங்க, நாமளே மதிக்கலைன்னா எப்படி? வெளிய வந்தும் அத மாத்த மறந்துட்டேன். பாக்கெட்டுக்குள்ள அது பாட்டுக்கு அதிர்ந்துக்கிட்டே இருந்துச்சு. நான் டீயக் குடிச்சுட்டு, இன்னொண்ணு சொன்னேன்.

அப்ப ஒரு ஸ்கூட்டி வந்து நின்னுச்சு. நிக்கல, விழுந்துச்சு. ஸ்டாண்டு போடாம அப்படியே ஆஸ்பத்திரி வாசல்ல சாச்சுட்டு ஒரு பொம்பளப் புள்ள, ஹெல்மெட்டோட உள்ள ஓடுது. டீக்கடைக்காரன் கத்துறான், வண்டிய வழியிலயா போடுவன்னு. நானும் சொன்னேன், இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்கு ஒரு பொறுப்பு இல்லைங்கன்னு. அப்புறந்தான் தெரிஞ்சுச்சு. மாப்பிள்ளை எனக்கு அடிச்சுப் பாத்துட்டு, ரத்தம் குடுக்குறவங்க நம்பர் எங்கயோ வாங்கி போன் அடிச்சிருக்கான். அந்தப் புள்ளதான் குடுத்துச்சாம். பேரு சுகப்பிரியா. செல்போன் கடையில ரீசார்ஜ் பண்ணி விடுற புள்ள. மொதலாளிகிட்டச் சொல்லாமக்கூட ஓடியாந்துருச்சாம்.

ரெண்டாவது டீயக் குடிச்சேனா, எதுத்தாப்புல திண்டுக்கல் பஸ் வந்துச்சு. கூட்டமும் இல்ல. ஏறிட்டேன். ஆள்தான் வந்தாச்சே, இனி நான் இருந்து என்ன செய்யப் போறேன்? ஆஸ்பத்திரியில தேவையில்லாத கூட்டம் கூடக்கூடாது.

கோதைக்கு ஒண்ணும் ஆகல. கர்ப்பப்பைய மட்டும் எடுத்துட்டாங்க. கொஞ்சம் முன்னாடியே ரத்தம் ஏறியிருந்தா எடுக்காம விட்டிருக்கலாம்னு டாக்டரம்மா சொன்னாங்களாம். டாக்டருங்க சொல்லாத பேச்சா? ரெண்டு புள்ள ஆச்சுல்ல, இனி அது எதுக்கு? அந்தச் சிரிச்ச நர்ஸ் வேற ஒண்ணு சொல்லியிருக்கு மாப்பிள்ளைகிட்ட. உள்ள கோதைக்கு முழு மயக்கம் குடுக்கலையாம். "எங்கண்ணன் வெளியதான் இருக்கு, எங்கண்ணன் குடுத்துரும், கூப்புடுங்க"ன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சாம். அந்த நெலமையில ஒளர்றதெல்லாம் ஒரு பேச்சா? அதப் போயி என்கிட்ட வந்து சொல்லுவானா ஒருத்தன்? சொன்னான். போன்ல. அத மட்டும் சொல்லிட்டு வச்சுட்டான்.

சரி, போனது போகட்டும்னு நான்தான் பெரிய மனுசனா எறங்கி வந்தேன். பேரு வைக்கிறப்ப என் வீட்டுக்காரிய விட்டுப் பேசச் சொன்னேன். எண்ணெயில பாக்குற சடங்குக்கு நல்ல நாள் நானே குறிச்சு வச்சிருக்கேன், ஏற்பாடு பண்ணுங்க, மாமன் முறைக்கு எல்லாத்தையும் எடுத்துட்டு வந்து எறக்குறேன்னு. கோதை என்ன சொன்னா தெரியுமா?

"எண்ணெயிலயெல்லாம் காட்ட மாட்டேன் மதினி. அண்ணன் நேரா வந்து பாக்கட்டும். எப்ப வந்தாலும் கதவு தொறந்திருக்கும். பாக்க முடியலைன்னா வேணாம்."

எவ்வளவு திமிரு! ஒரு தட்டு எண்ணெய், அஞ்சு நிமிச வேலை. அத ஒரு அண்ணனுக்காகச் செய்ய மாட்டாளாம். அண்ணன் உசுரு அவ்வளவு லேசாப் போச்சு. நானும் ரோசக்காரன், போகல. ஒம்பது மாசம் ஆச்சு. இன்னிக்கு வரைக்கும் அவன் மூஞ்சிய நான் பாக்கல. போட்டோல பாத்தாலும் பாத்த கணக்குத்தான்னு சிலர் சொல்றாங்க, சிலர் இல்லைங்கிறாங்க. அதனால வாட்ஸப்ல மாப்பிள்ளை நம்பர்லருந்து எது வந்தாலும் என் வீட்டுக்காரி பாத்து அழிச்சுட்டுத்தான் போன என்கிட்டக் குடுப்பா. அவ அழகா இருக்கான், அழகா இருக்கான்னு சொல்லுவா. யாரு மாதிரின்னு கேட்டா சொல்லத் தெரியாது அவளுக்கு.

இப்பக் காதுகுத்து. தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தான காது குத்தணும்? உலகத்துல எங்கயாவது வேற மாதிரி உண்டா? போன வாரம் சேதி வருது, புள்ளைய அந்தச் சுகப்பிரியா மடியில வச்சுக் குத்தப் போறாங்களாம். தம்பி, சிரிக்காதீங்க. ஒரு பொம்பளப் புள்ள தாய்மாமனாம்! கழுத்துல மாலை போட்டு, மனையில உக்கார வச்சு, மாமன் முறை செய்யப் போறாங்களாம். வேட்டி கட்டி விடுவாங்களா, இல்ல தலப்பா வச்சு விடுவாங்களா? ரத்தம் குடுத்தா ஒரு நன்றி சொல்லு, ஒரு சேலை எடுத்துக் குடு, முடிஞ்சது. மாமன் மடிய எடுத்துக் குடுப்பியா? அது என்ன வீட்டுச் சாமானா?

அதான் கெளம்பிட்டேன். என்னய யாரும் வாங்கன்னு கூப்பிடல. வராதீங்கன்னும் சொல்லல. என் மடி எனக்குத்தான். கூடையில பட்டுத் துணி இருக்கு, தோடு இருக்கு, வெள்ளி அரைஞாண் இருக்கு. தட்டும் எண்ணெயும் இருக்கு. கோயில் வாசல்ல நின்னு மாப்பிள்ளையக் கூப்பிட்டு, புள்ளையக் கொண்டா, மொதல்ல எண்ணெயில காட்டு, அப்புறம் மடியில வையின்னு சொல்லப் போறேன். அத்தன சனத்துக்கு முன்னால மாட்டேன்னு சொல்லிருவாளா அவ? சொல்ல மாட்டா. சின்னதுல என் சைக்கிள் பின்னாடி உக்காந்து ஸ்கூலுக்குப் போனவ. மழை வந்தா என் சட்டைக்குள்ள தலைய விட்டுக்குவா.

இருங்க, போன் அடிக்குது. கோதை நம்பர்! பாத்தீங்களா? நான் என்ன சொன்னேன்? அண்ணன் வரலைன்னதும் தேடுறாங்க பாத்தீங்களா? மடி வேணும்ல!

ஹலோ... ஹலோ, யாரு, மீனுவா? ஏம்மா, அம்மா போன்லயா பேசுற? மாமா வந்துக்கிட்டே இருக்கேன்டா. வந்துக்கிட்டே... என்ன? தம்பியா? வீடியோவா? வேணாம்மா. மீனு, வேணாம், திருப்பாத! மாமா நேர்ல வந்து... மீனு! திருப்பாதன்னு சொல்றேன்ல! மூஞ்சியக் காட்டாத!

தம்பி, இந்தாங்க, இதப் புடிங்க. நீங்க புடிங்க, நீங்க பாருங்க. என் பக்கம் திருப்பிராதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். நான் கண்ண மூடிக்கிட்டேன். மூடிக்கிட்டுத்தான் இருக்கேன். மத்தவங்க பாக்கட்டும் பரவால்ல, நீங்க புடிங்க. என்ன சத்தம் அது? அழறானா? குத்திட்டாங்களா? யாரு மடியில? அந்தப் புள்ள மடியிலயா? சொல்லுங்க தம்பி. ஆமாவா?

சத்தம் கேட்டாப் பரவால்ல. மூஞ்சிதான் ஆகாது. என்ன தொண்டை பாருங்க அவனுக்கு. பஸ்ஸே திரும்பிப் பாக்குது.

இது கோதை. கோதை குரல் இது. என்ன சொல்றா? கொஞ்சம் சத்தமா வைங்க...

"போன வச்சுருடி மீனு. மாமாவுக்குக் காட்டாத. பயப்படுவாங்க."

கேட்டுச்சா உங்களுக்கு? கோவமாச் சொன்னாளா? இல்லைல்ல? நானும் நல்லாக் கேட்டேன், கோவமா இல்ல. அந்தக் கொரல் எனக்குத் தெரியும். அவ மீனுவத் தூங்க வைக்கிறப்ப அப்படித்தான் பேசுவா. திட்டியிருக்கலாம்ல தம்பி? அத்தன பேரு இருக்காங்க, ரெண்டு வார்த்தை திட்டியிருக்கலாம்.

கட்டாயிருச்சா? நல்லாப் பாருங்க. ஸ்கிரீன் அணைஞ்சிருச்சா? கவுத்து வைங்க. அப்படியே மடியில வச்சிருங்க. இப்பக் கண்ணத் தொறக்கலாமா?

வேணாம், கொஞ்ச நேரம் இப்படியே இருக்கேன்.

தம்பி. நீங்க பாத்தீங்கள்ல? முழுசாப் பாத்தீங்களா? அழும்போது மூஞ்சி தெரிஞ்சுச்சா? எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நீங்க சொன்னா நான் பாத்த கணக்கில்ல. என் மூஞ்சிய நல்லாப் பாத்துட்டுச் சொல்லுங்க.

அவனுக்கு என் சாடை இருக்கா?